முன் கண்ணாடியில் கல்லடி: ரிப்பேர் செய்வதா, மாற்றுவதா?

கேள்வி: என்னுடையது வால்வோ எக்ஸ்சி90. மூன்று வாரத்துக்கு முன் பெருந்துறையிலிருந்து ஈரோடு வரும் வழியில், முன்னால் போன டிப்பர் லாரியிலிருந்து ஜல்லி தெறித்து முன் கண்ணாடியில் அடித்தது. இடது பக்கம், பயணி இருக்கைக்கு நேரே, நட்சத்திரம் மாதிரி ஒரு தெறிப்பு. சர்வீஸ் சென்டரில் காட்டினால் கண்ணாடியையே மாற்ற வேண்டும், கேமராவைச் சரியான கோணத்துக்கு அமைக்கும் காலிபரேஷனோடு சேர்த்து 1,85,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். இங்கே ஒரு கண்ணாடிக் கடைக்காரர் 3,000 ரூபாய்க்கு ரெசின் எனும் திரவப் பிசினை விரிசலுக்குள் ஏற்றிச் சரிசெய்கிறேன் என்கிறார். என் மைத்துனரோ, மேலே ஃபெவிக்விக் விட்டுவிட்டு ஓட்டுங்கள் என்கிறார். இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய வண்டிக்கு 3,000 ரூபாய் வேலையை நம்பலாமா? இன்சூரன்ஸில் கிளெய்ம் போட்டு மாற்றிவிடுவதுதான் நல்லதா? தெறிப்பின் இரண்டு போட்டோக்களும் பாலிசி நகலும் இணைத்திருக்கிறேன்.
— ஈரோடு வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரெசின் ஏற்றிவிடுங்கள், அதையும் இந்த வாரத்துக்குள் செய்யுங்கள். கண்ணாடியை மாற்ற வேண்டிய நிலை இன்னும் வரவில்லை. ஆனால் கடைக்குக் கிளம்பும் முன் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். தெறிப்பிலிருந்து கீழே இறங்கும் அந்தக் கோடு, கண்ணாடி விளிம்பைச் சுற்றியிருக்கும் கறுப்புப் பட்டையைத் தொட்டுவிட்டதா? தொட்டிருந்தால் என் பதில் வேறு. அதையும் பின்னால் சொல்கிறேன்.

அவசரப்படுத்துவதற்குக் காரணம் நீங்கள் அனுப்பிய போட்டோக்கள்தான். கல்லடி பட்ட அன்று எடுத்த படத்தில் மூன்று கிளைகள் இருக்கின்றன, மூன்றும் சின்னவை. பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசை வைத்து எடுத்திருந்தீர்கள், அது பெரிய உதவி. அந்தக் காசைக் கொண்டு அளந்தால், கீழ்நோக்கிப் போகும் கிளை அன்று ஒன்றரை சென்டிமீட்டர்தான். போன வாரம் எடுத்த படத்தில் அதே கிளை மூன்றரை சென்டிமீட்டர் ஆகியிருக்கிறது. விளிம்புக்கு இன்னும் நாலு விரற்கடை பாக்கி. மூன்று வாரமாக அது நகர்ந்துகொண்டேதான் இருந்திருக்கிறது. ஒரு நாள் வெயிலில் நின்ற வண்டியில் ஏறி ஏசியை முழு வேகத்தில் வைத்தீர்கள் என்றால், மீதி தூரத்தை ஒரே மூச்சில் ஓடிவிடும்.

முன் கண்ணாடி ஒற்றைக் கண்ணாடி கிடையாது. ஒவ்வொன்றும் சுமார் 2 மில்லிமீட்டர் தடிமனில் இரண்டு கண்ணாடிகள். நடுவே பிவிபி எனப்படும் பிளாஸ்டிக் படலம், பெரும்பாலும் 0.76 மில்லிமீட்டர். கல் பட்டால் பெரும்பாலும் வெளிக் கண்ணாடி மட்டும்தான் உடையும். படலமும் உள் கண்ணாடியும் அப்படியே நிற்கும். ரிப்பேர் என்ற ஒன்று சாத்தியப்படுவதே இதனால்தான். பக்கக் கண்ணாடிகள் பெரும்பாலும் டெம்பர்டு. அடி பட்டால் கற்கண்டு மாதிரி பொலபொலவென்று கொட்டிவிடும், அதில் ரிப்பேர் என்ற பேச்சே கிடையாது.

எனவே முதல் சோதனையை நீங்களே வீட்டில் செய்யலாம். வண்டிக்குள் உட்கார்ந்து, தெறிப்புக்கு நேர் உள்பக்கத்தில் விரல் நகத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். வழவழவென்று இருந்தால் உள் கண்ணாடி பத்திரமாக இருக்கிறது. நகம் எங்காவது சிக்கினால் உள் கண்ணாடியும் விட்டிருக்கிறது. அதற்கு மேல் ரிப்பேர் பற்றி யோசிக்க வேண்டாம், மாற்றத்தான் வேண்டும். அடுத்து ராத்திரியில் வெளியிலிருந்து டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். நடுவில் வெள்ளைப் பொடி மாதிரி நொறுங்கிய பகுதி எவ்வளவு, கிளைகள் எத்தனை, எது எவ்வளவு நீளம் என்பதெல்லாம் பகலை விடத் தெளிவாகத் தெரியும்.

இரண்டாவது கேள்வி, தெறிப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்பது. என்னைக் கேட்டால் சேதத்தின் அளவை விட, வண்டியின் விலையை விட, இடம்தான் முக்கியம். பிரிட்டனில் ஆண்டுதோறும் நடக்கும் எம்ஓடி என்ற வாகனத் தகுதிச் சோதனையில் இதற்கு ஒரு தெளிவான கணக்கு வைத்திருக்கிறார்கள். ஸ்டீயரிங்குக்கு நேராக 290 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டை. அதற்குள் வைப்பர் துடைக்கும் பகுதியில் 10 மில்லிமீட்டருக்கு மேல் சேதம் இருந்தால் வண்டி தேறாது. வைப்பர் துடைக்கும் மற்ற பகுதியில் 40 மில்லிமீட்டர் வரை விட்டுக்கொடுக்கிறார்கள். எந்த ஊர் சாலையிலும் கண்ணுக்கு உதவும் கணக்கு அது. என் பட்டறையிலும் நான் அதைத்தான் அளவுகோலாக வைத்திருக்கிறேன். எவ்வளவு நன்றாக ரெசின் ஏற்றினாலும் ஒரு சின்னத் தழும்பு மிஞ்சும். டிரைவரின் பார்வைக்கு நேரே அது இருந்தால், எதிர் வண்டியின் ஹெட்லைட் பட்டு ராத்திரியில் சிதறும். உங்கள் தெறிப்பு இடது ஓரம் பயணிக்கு நேரே இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை. மூன்றரை சென்டிமீட்டர் என்பது 40 மில்லிமீட்டர் எல்லையை உரசிக்கொண்டு நிற்கிறது என்பதையும் கவனியுங்கள்.

உங்கள் மாதிரி வண்டியில் இன்னொரு இடத்தையும் பார்க்க வேண்டும். ரியர் வியூ மிரருக்குப் பின்னால் இருக்கும் கேமரா, கண்ணாடியில் ஒரு குறிப்பிட்ட பகுதி வழியாகத்தான் சாலையைப் பார்க்கிறது. லேன் மாறுகிறோமா, முன்னால் வண்டி நிற்கிறதா என்று அந்தக் கேமரா பார்த்துத்தான் வண்டி தானாக பிரேக் போடுகிறது. அந்தப் பகுதியில் கல் பட்டிருந்தால், கடுகளவு தெறிப்பாக இருந்தாலும் நான் ரெசின் ஏற்ற மாட்டேன், மாற்றச் சொல்வேன். தழும்பு வழியாகக் கேமராவுக்கு என்ன தெரியும் என்று வெளியிலிருந்து யாரும் உத்தரவாதம் தர முடியாது. உங்கள் தெறிப்பு அங்கிருந்து வெகு தூரம் தள்ளி, கீழே இருக்கிறது. ‘ஏடாஸ் (ஓட்டுநருக்கு உதவும் கேமரா, சென்சார் வசதிகள்) உள்ள வண்டி என்பதால் கண்ணாடியை மாற்றியே ஆக வேண்டும்’ என்று சர்வீஸ் சென்டரில் சொன்னதாக எழுதவில்லை. சொன்னால், கேமரா பார்க்கும் பகுதியில் சேதம் இருக்கிறதா என்று மட்டும் திருப்பிக் கேளுங்கள். அவர்களைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. பல சர்வீஸ் சென்டர்களில் ரெசின் ஏற்றும் கருவியோ பழகிய ஆளோ இருப்பதில்லை. தெரிந்த வேலையை அவர்கள் சொல்கிறார்கள்.

ரிப்பேரை நம்பலாமா என்று கேட்டீர்கள். முறையாகச் செய்தால் தாராளமாக நம்பலாம். வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள், முறையாக நடக்கிறதா என்று உங்களுக்கே புரியும். முதலில் பள்ளத்தில் உள்ள கண்ணாடித் தூளைச் சுரண்டி எடுப்பார்கள். பிறகு சக்‌ஷன் கப் வைத்த ஒரு சட்டத்தைக் கண்ணாடியில் ஒட்டி, அதில் திருகிய குழாயை அடிபட்ட புள்ளியின் மேல் சரியாகப் பொருத்துவார்கள். குழாயில் ரெசினை விட்டு, முதலில் வெற்றிடம் கொடுத்து விரிசலுக்குள் இருக்கும் காற்றை இழுக்க வேண்டும். அதன் பிறகு அழுத்தம் கொடுத்து ரெசினை உள்ளே தள்ள வேண்டும். இதை மாற்றி மாற்றிச் சில தடவை செய்வார்கள். அப்போது உள்ளே உட்கார்ந்து பார்த்தால், வெள்ளி இழை மாதிரி மின்னும் கிளை நடுவிலிருந்து நுனியை நோக்கி மெல்ல மெல்ல மறைந்துகொண்டே போகும். விரிசல் கண்ணுக்குத் தெரிவதே அதற்குள் இருக்கும் காற்றால்தான். கண்ணாடியைப் போலவே ஒளியை வளைக்கும் ரெசின் அந்தக் காற்றின் இடத்தைப் பிடித்ததும் கோடு காணாமல் போகிறது. நுனி வரை மறைந்த பிறகுதான் புற ஊதா விளக்கு. நுனியில் ஒரு நூலளவு மின்னல் மிச்சம் இருந்தாலும், விளக்கை வைக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். ரெசின் இறுகிய பிறகு அந்த இடத்துக்குள் மறுபடி எதையும் ஏற்ற முடியாது. விரிசல் மேற்கொண்டு ஓடுவதும் அந்த நுனியிலிருந்துதான்.

வெற்றிடம் எதுவும் கொடுக்காமல், மேலே ஒரு சொட்டு விட்டு விளக்கைக் காட்டி, பத்து நிமிடத்தில் அனுப்புகிற கடையாக இருந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். பொதுவாக இந்த வேலைக்கு அரை மணி நேரமாவது பிடிக்கும். வெயிலில் நிறுத்தியும் செய்யக் கூடாது. சூரிய ஒளியிலும் புற ஊதாக் கதிர் இருப்பதால் ரெசின் பாதி வழியிலேயே இறுகிவிடும். சூடான கண்ணாடியில் அழுத்தம் கொடுத்தால் விரிசல் கண்ணெதிரே ஓடிவிடுவதும் உண்டு. காலையில் முதல் வேலையாக, நிழலில், கண்ணாடி ஆறியிருக்கும்போது செய்யச் சொல்லுங்கள். வேலை முடிந்த பின் ஒரு புள்ளியும் மங்கலான நிழலும் தெரியும். கண்ணாடி புதிதாகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். விரிசல் நின்றுவிடும், வெளிக் கண்ணாடியின் பலம் பெரும்பகுதி திரும்பி வரும். அதற்குத்தான் இந்த வேலை.

ரிப்பேருக்கே நான் முதலில் போவது பணத்துக்காக மட்டும் இல்லை. உங்கள் கண்ணாடி தொழிற்சாலையில் ஒட்டப்பட்டது. பெயின்ட் பூசிய சுத்தமான தகட்டின் மேல், இயந்திரம் அளவாக இட்ட பாலியூரித்தேன் பசையில் உட்கார்ந்திருக்கிறது. அந்த ஒட்டு வண்டிக்கு ஒரு முறைதான் கிடைக்கும். மாற்றும்போது பழைய பசையைக் கம்பியாலோ கத்தியாலோ அறுத்துத்தான் கண்ணாடியை எடுக்க முடியும். கத்தி கொஞ்சம் தவறினாலும் ஃபிரேமில் பெயின்ட் கீறி இரும்பு வெளியே தெரியும். அதன் மேல் பிரைமர் பூசாமல் பசையை இட்டு மூடினால், அடியில் துரு பிடிக்கும். துருவின் மேல் ஒட்டிய பசை பிடிப்பை இழக்கும். இரண்டு மழைக்காலம் கழிந்து டாஷ்போர்டு ஓரத்தில் தண்ணீர் கசியும்போதுதான் விஷயம் வெளியே வரும். நல்ல ஆள் கையில் கொடுத்தால் மாற்றிய கண்ணாடியும் வண்டியின் ஆயுள் முழுக்க நிற்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் தேவையில்லாமல் தொழிற்சாலை ஒட்டை அறுக்காதீர்கள்.

மழையையும் காற்றையும் தடுப்பது மட்டும் முன் கண்ணாடியின் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். பயணிப் பக்க ஏர்பேக் மேல்நோக்கி விரியும்போது கண்ணாடியில் முட்டுக் கொடுத்துத்தான் ஆளை நோக்கித் திரும்புகிறது. பசை விட்டுக்கொடுத்தால் கண்ணாடி வெளியே தெறிக்கும், ஏர்பேக் ஆளைத் தாங்க வேண்டிய இடத்தில் இருக்காது. வண்டி உருண்டால் கூரை நசுங்காமல் இருப்பதிலும் கண்ணாடிக்குப் பங்கு உண்டு.

இனி, கோடு கறுப்புப் பட்டையைத் தொட்டிருந்தால். 14 அங்குல விரிசலைக்கூட ரிப்பேர் செய்யலாம் என்று அமெரிக்கத் தரநிலை ஒன்று அனுமதிக்கிறது. ஆனாலும் விளிம்பைத் தொட்ட விரிசலை நான் எடுத்துச் செய்வதில்லை. வண்டியின் உடல் முறுக்கும் ஒவ்வொரு முறையும் அழுத்தம் வந்து சேருவது விளிம்பில்தான். மேட்டூர் ரோட்டில் ஒரு வேகத்தடையில் ஒரு சக்கரம் மட்டும் ஏறி இறங்கினால் போதும். அப்படி ஆகியிருந்தால் மனதைத் தேற்றிக்கொண்டு மாற்றிவிடுங்கள். மாற்றுவது என்று முடிவான பிறகு கண்ணாடியிலும் காலிபரேஷனிலும் ஒரு ரூபாய்கூட மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

உங்கள் வண்டியில் வேகத்தைக் கண்ணாடியிலேயே காட்டும் ஹெட்-அப் டிஸ்ப்ளே இருக்கிறது. அதற்கான கண்ணாடியில் நடுப் படலம் ஒரே தடிமனில் இருக்காது. மேலே தடித்து, கீழே வர வர மெலிந்திருக்கும். சாதாரணக் கண்ணாடியைப் போட்டால் உள் பரப்பிலிருந்து ஒரு பிம்பமும் வெளிப் பரப்பிலிருந்து ஒரு பிம்பமும் திரும்பி வந்து, எண்கள் இரட்டையாகத் தெரியும். எந்த செட்டிங்கை மாற்றினாலும் அது போகாது. எனவே சேஸிஸ் எண்ணைக் கொடுத்து, டிஸ்ப்ளே, மழை சென்சார், கேமரா பிராக்கெட், ஒலி தடுக்கும் படலம் எல்லாம் பொருந்துகிற கண்ணாடிதானா என்று எழுத்தில் வாங்குங்கள். கண்ணாடி மூலையில் உள்ள முத்திரையில் ஐஎஸ் 2553 என்ற இந்தியத் தர எண் இருக்க வேண்டும். வால்வோ சின்னம் இல்லாத கண்ணாடி எல்லாம் போலி என்றும் அர்த்தமில்லை. கார் கம்பெனிக்குச் செய்துகொடுக்கும் அதே ஆலை தன் சொந்தப் பெயரிலும் விற்பதுண்டு. ஆனால் ஹெட்-அப் டிஸ்ப்ளே உள்ள வண்டிக்கு நான் கம்பெனிக் கண்ணாடியைத்தான் சிபாரிசு செய்வேன்.

கேமராவுக்குக் காலிபரேஷன் எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். கேமரா ஒரு டிகிரி திரும்பியிருந்தால், 50 மீட்டர் தூரத்தில் அதன் கணக்கு ஏறக்குறைய 87 சென்டிமீட்டர் தவறும். 100 மீட்டரில் ஒன்றே முக்கால் மீட்டர். பக்கத்து லேனில் போகும் லாரியை உங்கள் லேனில் இருப்பதாக எடுத்துக்கொள்ள அது போதும். வண்டியைப் பொறுத்து, முன்னால் குறிப்பலகை வைத்தோ, சாலையில் ஓட்டியோ, இரண்டும் சேர்த்தோ இதைச் செய்வார்கள். முடிந்ததும் ஸ்கேனர் தரும் அறிக்கையின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். பசை டியூபில் காலாவதித் தேதி இருக்கிறதா, எத்தனை மணி நேரம் கழித்து வண்டியை எடுக்கலாம் என்று போட்டிருக்கிறது என்பதையும் நேரில் பாருங்கள். அந்தப் பசை காற்றில் உள்ள ஈரத்தைக் குடித்துத்தான் இறுகும். சென்னைப் பக்கம் சீக்கிரம் கட்டிவிடும். ஈரோட்டின் உலர்ந்த கோடைக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் கொடுங்கள். முதல் நாள் முழுக்க ஒரு பக்கக் கண்ணாடியை ஒரு விரல் இறக்கி வையுங்கள். எல்லாம் மூடியிருக்கும்போது கதவை அறைந்து சாத்தினால் உள்ளே ஏறும் காற்றழுத்தம் ஈரப் பசையைத் தள்ளும்.

இன்சூரன்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். இங்கேதான் நிறைய பேர் கணக்குப் போடாமல் கையெழுத்துப் போடுகிறார்கள். உங்கள் பாலிசியில் சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் தள்ளுபடிக்கு முன் 90,000 ரூபாய். கிளெய்ம் போடாத ஆண்டுகளுக்காக அதில் கிடைக்கும் தள்ளுபடி, அதாவது நோ கிளெய்ம் போனஸ், 50 சதவீதம். போனஸைக் காக்கும் கூடுதல் கவரை நீங்கள் எடுக்கவில்லை. ஒரு கிளெய்ம் போட்டால் அடுத்த ஆண்டு போனஸ் பூஜ்யத்துக்கு இறங்கும். அங்கிருந்து 20, 25, 35, 45 என்று ஏறி, மறுபடி 50 வரும். முதல் ஆண்டு 45,000 ரூபாய் கூடுதலாகக் கட்டுவீர்கள், அடுத்து 27,000, பிறகு 22,500, 13,500, 4,500. மொத்தம் 1,12,500 ரூபாய். வண்டியின் மதிப்பு குறையும்போது பிரீமியமும் குறையும் என்பதால் உண்மையில் இதை விடக் கொஞ்சம் குறைவாக இருக்கலாம். ஆக, 3,000 ரூபாய் ரிப்பேருக்குக் கிளெய்ம் போட நினைக்கவே வேண்டாம், கையிலிருந்து கொடுத்துவிடுங்கள். கண்ணாடியை மாற்றவே நேர்ந்தால் கிளெய்ம் போடுங்கள். கண்ணாடிப் பாகத்துக்குத் தேய்மானம் பிடிப்பதில்லை. தேய்மானம் கழிக்காத ‘ஜீரோ டெப்’ கவர் இல்லாவிட்டாலும் அப்படித்தான். ரப்பர் பீடிங், பிளாஸ்டிக் கிளிப்புகளுக்கு 50 சதவீதம் பிடிப்பார்கள். 1,500 சிசிக்கு மேற்பட்ட வண்டி என்பதால் நீங்களே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 2,000 ரூபாய். இவையெல்லாம் போனாலும், இழக்கும் போனஸைக் கழித்த பிறகு உங்களுக்கு 70,000 ரூபாய் அளவுக்கு மிஞ்சும்.

கண்ணாடியைக் கழற்றும் முன் இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் கொடுத்து, சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் பார்த்துவிட வேண்டும். காலிபரேஷன் செலவை எஸ்டிமேட்டில் தனி வரியாகப் போடச் சொல்லுங்கள். வேலை முடிந்த பின் பில்லில் மட்டும் சேர்த்தால் தகராறு வரும். அடுத்த முறை புதுப்பிக்கும்போது போனஸ் பாதுகாப்புக் கவரின் விலையைக் கேட்டுப் பாருங்கள். ஜல்லி, எம்-சாண்ட் லாரிகள் ஓடும் சாலையில் தினமும் போகிறவருக்கு அது வீண் செலவு ஆகாது.

மைத்துனர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் ஃபெவிக்விக் மாதிரிப் பசை விரிசலின் வாயை அடைத்துவிடும். அதற்குப் பிறகு ரெசின் உள்ளே போக வழியிருக்காது. 3,000 ரூபாயில் முடிய வேண்டியது 1,85,000 ரூபாயில் போய் நிற்கும். கடைக்குப் போகும் வரை தெறிப்பின் மேல் தெளிவான செலோ டேப்பை ஒட்டி வையுங்கள். தூசியும் தண்ணீரும் உள்ளே இறங்காது. அதுவரை வாட்டர் சர்வீஸுக்கு விடாதீர்கள், சோப்புத் தண்ணீர் விரிசலுக்குள் போனால் ரெசின் பிடிக்காது. நிழலில் நிறுத்துங்கள். வெயிலில் நின்ற வண்டியில் ஏறினால் முதலில் பக்கக் கண்ணாடிகளை இறக்கி வெக்கையை விடுங்கள். ஏசிக் காற்றை முன் கண்ணாடியை நோக்கித் திருப்பாதீர்கள். சூடான கண்ணாடியில் பச்சைத் தண்ணீரை ஊற்றிக் கழுவும் பழக்கம் டிரைவருக்கு இருந்தால் அவரிடமும் சொல்லி வையுங்கள்.

கண்ணாடியை மாற்றும்படி ஆனால், ஃபாஸ்டேக்கும் அதோடு போய்விடும். உரித்தால் கிழிகிற மாதிரிதான் அதைச் செய்திருக்கிறார்கள். பழையதைப் புதுக் கண்ணாடியில் ஒட்ட முடியாது. டேக் கொடுத்த வங்கியில் மாற்று டேக் கேட்டு முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள். ஒட்டும்போது கேமராவும் மழை சென்சாரும் இருக்கும் பகுதியை விட்டுத் தள்ளி ஒட்டச் சொல்லுங்கள்.